எட்டு மில்லிமீட்டர் மரை, நான்கு நொடி வேலை

சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தின் பலகையில் இரண்டு சுழல் குமிழ்கள் இருக்கும். ஒன்று ஸ்பிண்டில் சுற்றும் வேகத்துக்கு, மற்றொன்று டூல் நகரும் வேகத்துக்கு. புது ஜாப் ஓட்டும் ஆபரேட்டரின் கை இரண்டாவது குமிழைவிட்டு அகலாது. சத்தம் மாறினால் வேகத்தைக் குறைப்பார். சந்தேகம் தட்டினால் ‘ஃபீட் ஹோல்ட்’ பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவார். ஆனால் புரோகிராமில் ஜி84 என்ற வரி வந்துவிட்டால் அந்த அதிகாரமெல்லாம் பறிபோய்விடும். குமிழைத் திருகினாலும் வேகம் மாறாது. நிறுத்தச் சொன்னாலும் இயந்திரம் உடனே கேட்காது. கையில் எடுத்த வேலையை அடிவரை முடித்து, டூலைத் துளைக்கு வெளியே கொண்டுவந்த பிறகுதான் நிற்கும்.

ஜி84 என்பது டேப் போடுவதற்கான கட்டளை. துளையின் உட்சுவரில் டேப் என்ற டூலால் மரை வெட்டும் வேலை. ஒரு நாளில் ஓர் இயந்திரம் நூற்றுக்கணக்கான முறை செய்யும் இந்தச் சாதாரண வேலைக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

செங்குத்தான மலைக்கு நேராகச் சாலை போட முடியாது. சரிவை மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்துத்தான் ஏற்றுவார்கள். மரையும் ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சரிவுதான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஏறுகிறதோ அது ‘பிட்ச்’. பட்டறையில் எம்8 என்றால் வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர், பிட்ச் 1.25 மில்லிமீட்டர். டேப் ஒரு முறை சுற்றினால் மிகச் சரியாக 1.25 மி.மீ. இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் தான் வெட்டிய மரையைத் தானே அழுத்திச் சிதைக்கும். குறைந்தால் இழுத்துச் சிரைக்கும். சுற்றுவதும் இறங்குவதும் ஒரே எண்ணில் கட்டுண்ட இரண்டு அசைவுகள். நடுவில் மனிதர் புகுந்து ஒன்றை மட்டும் மாற்றினால் டேப் முறியும். அதனால்தான் குமிழ்களை இயந்திரம் கண்டுகொள்வதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வண்டிகளின் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. இந்தப் பெரிய மதில்களை நம்பி, சிப்காட் மனைகளிலும் கிளைச்சாலைகளிலும், இரண்டு மூன்று வி.எம்.சி. (செங்குத்து சி.என்.சி. மில்லிங்) இயந்திரங்களோடு ஓடும் சிறு பட்டறைகள் ஏராளம். பிராக்கெட், ஹப், வெல்டிங் ஃபிக்ஸ்சர், அசெம்பிளி லைனுக்கான தாங்குபலகை என்று அவை செய்யும் எஃகுத் துண்டுகளில் மரைத்துளை இல்லாதது அபூர்வம். ஒன்றோடு ஒன்றைக் கழற்றி மாட்டுகிற மாதிரிப் பிணைக்க இதைவிட மலிவான வழி இன்னும் வரவில்லை.

காரின் உடலில் மட்டும் கதை வேறு. அதன் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. 1.25 பிட்ச் மரையில் ஒரு முழுச் சுற்றுக்கே அதில் இடமில்லை. அதனால் தகட்டில் நட்டை வெல்டு செய்துவிடுகிறார்கள். அந்த நட்டுகளுக்கு மரை போடும் இயந்திரம் வேடிக்கையானது. அதில் டேப்பின் வால் வளைந்திருக்கும். மரை வெட்டப்பட்ட நட்டு வால் வழியே ஏறி, அடுத்தடுத்த நட்டுகள் தள்ளத் தள்ள மறுமுனையில் உதிரும். டேப் திரும்பிச் சுழலவே வேண்டாம். மில்லிங் இயந்திரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் டேப் போன வழியே திரும்பி வந்தாக வேண்டும். வில்லங்கத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ஈஎன்8 எஃகுக் கட்டை ஒன்றில் எம்8 மரையை 20 மி.மீ. ஆழத்துக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஈஎன்8 என்பது சுமார் 0.4 சதவீதம் கார்பன் கொண்ட எஃகு, நம் பட்டறைகளில் அன்றாடம் புழங்குவது. ஹைஸ்பீடு எஃகு டேப்புக்கு இதில் நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டு வேகம் என்றால் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 சுற்று சுற்ற வேண்டும். ஒரு நொடிக்கு 8 சுற்று. சுற்றுக்கு 1.25 வீதம் நொடிக்கு 10 மி.மீ. இறக்கம். 16 சுற்றில், இரண்டே நொடியில் அடியைத் தொட்டுவிடும். ஏறி வர இன்னும் இரண்டு நொடி.

அந்த நான்கு நொடியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். டேப்பின் முனையில் இரண்டு மூன்று சுற்று மரை கூம்பாகச் சீவப்பட்டிருக்கும். வெட்டுவது அந்தப் பகுதி மட்டும்தான். அதற்கு மேலே இருக்கும் முழுப் பற்கள் வெட்டிய பாதையில் வழிகாட்டிக்கொண்டு பின்தொடர்பவை. துளை 6.8 மி.மீ., மரையின் வெளிவிட்டம் 8 மி.மீ. ஆக, ஒரு பக்கத்துக்கு 0.6 மி.மீ. ஆழம் வெட்டியாக வேண்டும். கூம்பில் இரண்டரைச் சுற்று, டேப்பில் மூன்று காடி என்றால் ஏழெட்டுப் பற்கள் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு பல்லும் சீவுவது சுமார் 0.08 மி.மீ. கணக்குக்கு எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் மில்லிங் கட்டர் திறந்தவெளியில் சீவுகிறது. டேப்போ நாலாபுறமும் எஃகு சூழ்ந்த கிணற்றுக்குள் நின்று சீவுகிறது. சீவிய சுருளுக்குப் போக்கிடம் அந்தக் காடி மட்டுமே.

அடியில் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியமானது. ஸ்பிண்டில் சடக்கென்று நின்றுவிட முடியாது. அதற்கு எடை உண்டு, உந்தம் உண்டு. வேகம் குறையக் குறைய இறக்கமும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நிற்கும் கணத்தில் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். எதிர்த்திசையில் கிளம்பும்போதும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். ஸ்பிண்டிலோடு இணைந்த என்கோடர் ஒரு சுற்றை ஆயிரக்கணக்கான துடிப்புகளாக எண்ணிக் கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சுற்றுக்கு 4096 துடிப்பு தரும் என்கோடரில் ஒரு துடிப்புக்கு உரிய இறக்கம் 0.0003 மி.மீ.தான். பட்டறையில் ‘ரிஜிட் டேப்பிங்’ என்கிறார்களே, அது இதுதான்.

முன்பெல்லாம் இந்த ஒத்திசைவு கிடையாது. ஸ்பிண்டில் தன் போக்கில் சுற்றும், அதை ஏற்றி இறக்கும் அச்சு ஏறக்குறைய அதே கணக்கில் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்பிரிங் வைத்த ஹோல்டர் நீண்டும் சுருங்கியும் தாங்கிக்கொள்ளும். 1980களில் கன்ட்ரோலர்களும் சர்வோ மோட்டார்களும் தேறியபோது நிலைமை மாறத் தொடங்கியது. தையல் மிஷினுக்குப் பேர்போன ஜப்பானின் பிரதர் நிறுவனம் டேப் போடுவதற்கென்றே சி.என்.சி. இயந்திரம் செய்ய இறங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். ஸ்பிரிங் ஹோல்டர் போன பிறகும், மிச்சமிருக்கும் அணுவளவு பிசகை ஏற்றுக்கொள்ள நுண்ணிய நெகிழ்வு கொண்ட ஹோல்டர்கள் இன்று விற்பனைக்கு வருகின்றன. நல்ல இயந்திரத்தில் அவை டேப்பின் ஆயுளைக் கூட்டுகின்றன. பழைய இயந்திரத்தில் அவை இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம்.

ஆக, இயந்திரத்தின் பங்கு ஏறக்குறையத் தீர்ந்த விஷயம். அப்படியும் டேப் உடைகிறது. ஏன் என்று கேட்டால் புதியவர்கள் டேப்பின் கம்பெனியைத் திட்டுவார்கள், பழகியவர்கள் துளையைப் பார்ப்பார்கள். மரையைச் சோதிக்கும் ‘கோ கேஜ்’ இறங்காதபோது எந்த வி.எம்.சி. பட்டறையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது:

“அண்ணே, கோ கேஜ் பாதியிலயே நிக்குது. டேப் மொக்கையாயிடுச்சு போல.”

“டேப்ப அப்புறம் பாக்கலாம். டிரில்ல எப்பத் தம்பி மாத்துன?”

அந்த அண்ணன் சொல்வதில் கணக்கு இருக்கிறது. எம்8 மரைக்கு 6எச் என்ற வழக்கமான தரத்தில் உள்விட்டம் 6.647 மி.மீ.இலிருந்து 6.912 மி.மீ. வரை இருக்கலாம். வெளிவிட்டத்தில் பிட்ச்சைக் கழித்தால் 6.75. அதனால்தான் 6.8 டிரில் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தேய்ந்த டிரில் வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம். சுவர் சூடேறி இறுகும், துளை சிறுத்துப்போகும். பின்னால் வரும் டேப் இரட்டைச் சுமை சுமக்கும். உடைந்து கிடப்பது டேப், கொன்றது டிரில்.

மறுபக்கமும் உண்டு. டேப் உடைகிறதென்று சிலர் சத்தமில்லாமல் 6.9 டிரில்லுக்கு மாறிவிடுவார்கள். முறுக்குவிசை சட்டென்று இறங்கும், டேப் நீடித்து உழைக்கும். இதில் தப்பில்லை என்பதே என் கட்சி. முழு உயர மரை முக்கால் உயர மரையைவிட 5 சதவீதம்தான் கூடுதல் வலு, ஆனால் வெட்ட மூன்று மடங்கு சக்தி தின்னும் என்பது பட்டறைக் கையேடுகள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. சிக்கல், 6.9க்கும் 6.912க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. டிரில் தன் அளவைவிட ஓரிரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பெரிதாகத் துளைப்பது சகஜம். கொஞ்சம் ஆடினாலும் எல்லை தாண்டிவிடும். எனவே 6.9 போடுபவர் துளையை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

மரையைச் சோதிக்க இரண்டு முனைக் கேஜ். ‘கோ’ முனை விரல் பலத்திலேயே அடிவரை இறங்க வேண்டும். ‘நோ கோ’ முனை இரண்டு சுற்றுக்கு மேல் நுழையக் கூடாது. நோ கோ வழுக்கிக்கொண்டு போனால் ஒத்திசைவு பிசகியிருக்கலாம், டேப் ஆட்டத்தோடு சுற்றியிருக்கலாம், காடியில் சுருள் அடைத்து உரசியிருக்கலாம். எம்8 மரையின் நடுவிட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் மொத்தமே 0.16 மி.மீ.தான்.

சுருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊடுருவிச் செல்லும் துளைக்குக் கன் டேப் போதும். அது சுருளை முன்னால் தள்ளிக் கீழே உதிர்த்துவிடும். அடி மூடிய துளைக்கு ஸ்பைரல் டேப் வேண்டும். அதன் திருகிய காடி சுருளை மேலே ஏற்றி வெளியே கொட்டும். கொட்ட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஈஎன்8 போன்ற எஃகில் சுருள் உடையாமல் நீளமாக வந்து டேப்பைச் சுற்றிக்கொள்ளும். அதைக் கவனித்துக் கொக்கியால் நீக்காமல் விட்டால், அடுத்த துளைக்குள் டேப் அந்தப் பழைய சுருளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். இன்னோர் இடர் திரும்பும் நொடியில். அடியில் நின்ற பல்லின் முன்னால், வேர் அறுபடாத சுருள் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. டேப் பின்னோக்கிச் சுற்றும்போது அடுத்த பல்லின் முதுகு அந்த வேரை வெட்டியாக வேண்டும். வெட்டுவதற்கென்று செய்யப்படாத முதுகு அது. இறங்கும்போது ஒழுங்காக இருந்த டேப் திரும்பும்போது முறிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

உடைந்த டேப் வெறும் நஷ்டக் கணக்கோடு போவதில்லை. மரை போடுவது பொதுவாகக் கடைசி வேலை. மேற்பரப்பைச் சமன் செய்து, பக்கங்களைச் சீவி, துளைகளைப் போட்டு, மணிக்கணக்கில் உழைத்த பிறகு சில நூறு ரூபாய் டேப் உள்ளே முறிந்து உட்கார்ந்துவிடும். கடினத்தில் அது ராக்வெல் சி அளவில் 63க்கு மேல். சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். டேப் முறிந்ததை இயந்திரம் உணராமல் போனால் இன்னும் மோசம். மிச்சமிருக்கும் மொட்டையோடு அடுத்த துளைகளுக்கும் போய் ஒன்றும் வெட்டாமலே சுற்றிவிட்டு வரும். மரையில்லாத துண்டு அசெம்பிளி லைன் வரை போய், போல்ட் ஏறாதபோதுதான் குட்டு வெளிப்படும்.

முறிந்ததை எடுக்கத் தீப்பொறி (இ.டி.எம்.) இயந்திரம் வேண்டும். டேப்பின் நடுத்தண்டைவிடச் சிறிய செம்பு அல்லது பித்தளை மின்முனையைக் கிட்டே கொண்டுபோய், இடையில் எண்ணெய் நிற்க, நொடிக்கு ஆயிரக்கணக்கில் பொறி பறக்கவிட்டால் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும். மிஞ்சும் பற்களை ஊசியால் பொறுக்கி எடுக்கலாம். பொறிக்குக் கடினம் ஒரு பொருட்டே இல்லை. இந்தத் தொழில்நுட்பத்தின் அமெரிக்கக் கிளை பிறந்ததே இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹைட்ராலிக் வால்வுகளின் அலுமினிய வார்ப்புகளில் உடைந்து மாட்டிக்கொண்ட டேப்புகளையும் டிரில்களையும் எடுக்க ஹரால்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் ஆகிய மூவரும் தீப்பொறிக் கருவியை உருவாக்கினார்கள். அதே காலத்தில் சோவியத்தில் லாசரென்கோ தம்பதி வேறொரு சிக்கலை ஆராயப் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று வார்ப்பு அச்சுகளையும் விமான எஞ்சின் பாகங்களையும் செதுக்கும் இ.டி.எம். முறைக்கு, உடைந்த டேப்பும் ஒரு மூதாதை.

கடிகாரம் பழுது பார்ப்பவர்களிடம் இன்னொரு வைத்தியம் உண்டு. பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்தால் திருகு கரைந்துவிடும், பித்தளை அப்படியே இருக்கும். எஃகு ஜாப்பில் இதை முயலக் கூடாது. டேப்போடு ஜாப்பும் கரையும்.

இந்தத் தொல்லையைக் குறைக்க வழி இல்லையா? இருக்கிறது, விலையோடு. ஃபார்ம் டேப் எஃகை வெட்டாது, பிதுக்கி மரையாக்கும். சுருளே கிடையாது. காடி தேவையில்லாததால் டேப்பின் உடல் தடித்து வலுவாக இருக்கும். எம்8க்குத் துளை 7.4 மி.மீ. போட வேண்டும். அதை மறந்து 6.8 துளையில் ஃபார்ம் டேப்பை இறக்கியவர் அந்தச் சத்தத்தை மறக்க மாட்டார். மென்மையான எஃகுக்கு இது அருமையானது, கடினமானதற்கு உதவாது. திரெட் மில் என்பது துளையைவிடச் சிறிய கட்டரைத் திருகுப் பாதையில் சுற்ற வைத்து மரை சீவும் முறை. முறிந்தாலும் துளையில் இறுகாது, விரலால் எடுத்துவிடலாம். விலையுயர்ந்த, பெரிய துண்டுகளுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். நேரம் கூடுதலாகும் என்பதால் எண்ணிக்கை வேலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் மலிவான தீர்வு வரைபடத்தில் இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது முதல் சுற்று மரையே சுமையில் மூன்றில் ஒரு பங்கு வரை தாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் போகப் போகப் பங்கு குறையும். எஃகில் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் மரை நீண்டால் பிடிமானம் கூடாது, அதற்குள் போல்ட்டே அறுந்துவிடும். நாம் மேலே கணக்குப் போட்ட 20 மி.மீ. மரைக்கு வேலையே இல்லை, எம்8க்கு 12 மி.மீ. தாராளம். “இருக்கட்டும், பத்திரத்துக்கு” என்று வடிவமைப்பாளர் கூட்டும் எட்டு மில்லிமீட்டர், கீழே பட்டறையில் உடையும் டேப்பாக வந்து விடிகிறது.

ஒரகடம் வட்டாரப் பட்டறைகளுக்கு இன்னும் இரண்டு எதிரிகள் மின்சாரமும் தண்ணீரும். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு கண்ட மின்வெட்டு நினைவிருக்கும். டேப் துளைக்குள் இருக்கும்போது மின்சாரம் போனால் ஸ்பிண்டிலும் அச்சும் தனித்தனியாக ஓய்ந்து நிற்கும், கட்டு அறுந்துபோகும். மின்சாரம் வந்ததும் அவசரப்பட்டு அச்சை மட்டும் மேலே தூக்கினால் கதை முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பின்னோக்கிச் சுழற்றி மீட்கும் வசதி இன்றைய கன்ட்ரோலர்களில் உண்டு. இருக்கிறதா என்று மின்சாரம் உள்ளபோதே பார்த்துவைப்பது நல்லது. தண்ணீர் விவகாரம் மெதுவானது. கூலன்ட் என்பது தண்ணீரில் கலந்த எண்ணெய். டேப்புக்குக் குளிர்ச்சியைவிட வழுவழுப்புதான் முக்கியம். கடினமான போர் தண்ணீரைக் கலந்தால் அதன் சுண்ணாம்பு எண்ணெயைத் திரியவைத்து மேலே படலமாக ஒதுக்கும். கோடையில் தண்ணீர் ஆவியாகிக் கலவை கெட்டியாகும், வெறும் தண்ணீராக ஊற்றி ஊற்றி அடுத்த வாரம் நீர்த்துப்போகும். கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. பல இடங்களில் அந்தக் கருவி மேலாளரின் மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

இந்த மரைகளின் அளவு ஒரே நாளில் வந்ததல்ல. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 பாகைக் கோணத்தில் மரைக்கு ஓர் ஒழுங்கு சொன்னார். அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை என்றார். போர்க்காலத்தில் இரண்டு நாட்டு போல்ட்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு 1948இல்தான் ஒத்துப்போனார்கள். இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகை. 1955இல் சென்னையில் அசெம்பிள் ஆகத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டின் புல்லட் பிரிட்டிஷ் மரைகளோடு வந்தது. பழைய புல்லட்டைக் கழற்றும் மெக்கானிக்குக்குத் தனி ஸ்பேனர் செட் வேண்டியிருப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்ற அரசு ரூ.2,800 கோடிக்கு மேலான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சி.என்.சி. இயந்திரமும் ரோபோவும் வகுப்புக்கு வந்திருப்பது நல்ல காரியம். அங்கே பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜி84 வரியை எழுதக் கற்றுக்கொடுக்கும் முன், ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு டேப் ரெஞ்சும் மூன்று டேப் கொண்ட கை டேப் செட்டும் ஓர் எஃகுத் துண்டும் கொடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று அவர்கள் கையால் எம்8 மரை போடட்டும். சுருள் அடைப்பதும் டேப் இறுகுவதும் மணிக்கட்டுக்குத் தெரியட்டும். சில டேப்புகள் உடையும். அந்தச் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், மாணவரிடம் கேட்காதீர்கள்.